மடங்காத கத்தி

மறுநாள் மலையேறி இரண்டு நாள் ஒரே கூடாரத்தில் தங்கவேண்டிய இளம்பரிதியும் அவன் மனைவி மேகலாவும் பேச்சை நிறுத்தி நான்கு நாளாகியிருந்தது. கயிறு அறுக்கவும் சுள்ளி சீவவும் மலிவாக ஒரு கத்தி வாங்க அடிவாரக் கடைக்கு வந்தபோதும், நடுவில் கடைக்காரரை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

"மடக்குக் கத்தியா, மடங்காததா?" என்று அவர் கேட்டார்.

"மடங்காதது வீட்ல ஒண்ணு இருக்குண்ணே," என்றாள் மேகலா. "பரவால்ல, இன்னொண்ணு காட்டுங்க."

இளம்பரிதி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டான். மௌனமாக இருப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இந்த முறைதான் அது கனத்தது. "கத்தியோட இரும்பு, பிடிக்குள்ளயும் கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாக்கச் சொல்லுங்கண்ணே."

"தம்பி பாக்கச் சொல்றாரும்மா."

"எனக்குக் காது கேக்குது."

பலகையில் பரப்பியதில் இருநூறு ரூபாய்க் கத்தி ஒன்றை அவள் தோலுறையோடு எடுத்தாள். பிடியின் இரு மரத்துண்டுகளுக்கு நடுவே இரும்பு அடிவரை கோடாகத் தெரிந்தது. உறையைப் பற்றிக்கொண்டு, பிடியை அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் கை எழவில்லை. "கீழ வைக்கச் சொல்லுங்கண்ணே. கத்தியக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்."

மேகலா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "இனிமேதான் வரணுமாங்க?"

கடைக்காரர் காகிதம் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். இளம்பரிதி பிடியைப் பற்றினான். உறையை அவள் விடவில்லை, அவனும் இழுக்கவில்லை.