தூளிச் சேலை

என்னிடம் ஒருநாளாவது இப்படிச் சிரித்திருக்கிறாளா? அடுத்த அறையில் பாப்பாவின் சிரிப்பு கேட்டதும் பிரதீபாவின் விரல்கள் மடிக்கணினியின் மேல் நின்றுவிட்டன. எழுதிக்கொண்டிருந்தது தாய்மையைப் பற்றிய பத்தி. சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் இனி வேறு யாரையாவது எழுதச் சொல்லிவிடுவோம் என்று பத்திரிகையில் சொல்லியிருந்தார்கள். நிம்மதியாக எழுதத்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மரகதத்தை வைத்தாள். இப்போது ஒரு வரிகூட ஓடவில்லை.

சிரிப்பு அடங்கி வெகுநேரம் கழித்து எழுந்துபோய்ப் பார்த்தாள். பாப்பா மரகதத்தின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தானை நுனி பிள்ளையின் வாயில் இருந்தது. பிரதீபா தன் பழைய சேலையில் கட்டிய தூளி, கொக்கியில் காலியாகத் தொங்கியது.

“அக்கா, இன்னிக்கு நான் சீக்கிரம் கெளம்பணும். கீழ விட்டா முழிச்சுக்குவா, உங்கள எழுத விடமாட்டா.” மரகதம் ஒரு கையால் பையைத் துழாவி, மடித்த சேலை ஒன்றை எடுத்து நீட்டினாள். “நேத்து நான் கட்டுனது, தொவைக்கல. இதுல தூளி கட்டிப் போடுங்க. என் வாசனை இருந்தா தங்கம் அசையாது.”

அதைச் சொன்ன குரலில் துளி இளக்காரம் இல்லை. அதுதான் பிரதீபாவுக்குப் பொறுக்கவில்லை. சேலையை வாங்கினாள். மஞ்சளும் வேர்வையும் மணத்தன, கூடவே பாப்பாவின் பால் வாடையும். மடிப்புக் கலையாமல் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

“வேணாம் மரகதம்.”

“அழுவாளேக்கா! எழுதணும்னீங்களே?”

“பரவால்ல” என்று சொல்லி, பாப்பாவின் வாயிலிருந்து முந்தானையை மெல்ல உருவினாள்.