கழுத்தில் இல்லாத டியூப்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த மனைவியின் கழுத்துப் பிளாஸ்திரியையே அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ரத்தம் வடியறதுக்கு ஒரு டியூப் வச்சிருக்கலாமே?"

"எல்லாருக்கும் தேவையில்ல சார். வச்சா வலிதான் கூடும். வீட்டுக்குப் போறதும் தள்ளிப்போகும்."

"உள்ளே ரத்தம் கட்டி மூச்சு முட்டினா?"

"டியூப் இருந்தாலும் கட்டலாம் சார், டியூபே அடைச்சுக்கும். அதனாலதான் கழுத்து வீங்குதான்னு நாங்க பார்த்துக்கிட்டே இருக்கோம்."

"நல்லா ஒப்பிக்கிறீங்க! உங்க வீட்டு ஆளா இருந்தா தெரியும்."

பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க அவர் கை மறுபடியும் நீண்டது. நர்ஸ் தடுத்தாள்.

"சார், போன வாரம் எங்களுக்கு வகுப்பு எடுத்தப்போ நீங்க சொன்னதைத்தான் ஒப்பிக்கிறேன். இன்னிக்கு டியூப் வேண்டாம்னு சொல்லித் தையல் போட்டதும் நீங்கதான்!"

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அப்போது படுக்கையிலிருந்து மெல்லிய, ஆனால் தெளிவான குரல் வந்தது.

"சிஸ்டர், இந்த டாக்டரை முதல்ல வெளியே அனுப்புங்க. என் வீட்டுக்காரர் மட்டும் இங்க இருக்கட்டும்."

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் உட்கார்ந்தார்.