நாலில் தொடங்கும் எண்

திரும்பி வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கல்யாண அழைப்பு. அனுப்பிவிட்டுக் கையை எடுப்பதற்குள் திரும்பியிருந்தது. 550 என்று ஓர் எண். அதன் கீழே, ஏற்க மறுக்கப்பட்டது.

எதிர் நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தங்கை பிரமு எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியளா அண்ணே. வாங்க மாட்டேன்னுட்டா கழுதை. மெசினே சொல்லுது."



மகள் ஆவுடை அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு கடல் கடந்து ராட்டர்டாம் போனவள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் அவர். இப்போது அவள் தம்பிக்குக் கல்யாணம். தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட வேண்டியவள் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள். அக்கா தங்கை முறையில் ஒருத்தி வந்து போட்டாலும் தாலி ஏறிவிடும்தான்.

ஊர் வாய் மூடாது.

அழைப்பது என்று முடிவெடுத்தபின் அரைகுறையாக அழைக்க அவருக்குத் தெரியாது. ஊருக்கே வாட்சப்பில் போகிற படத்தை மகளுக்கும் தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. இலவச முகவரியிலிருந்து எழுதக் கௌரவம் இடம் தரவில்லை. மேலவீடு என்று குடும்பப் பெயரிலேயே இணையத்தில் ஒரு முகவரி வாங்கினார். அதிலிருந்து போன முதல் கடிதம் இது.

மேலவீட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதா?

காது மடல் சூடேறியது.

ஆனால் அவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் இல்லை என்று யார் கத்திக்கொண்டு வந்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார். கோளாறு கம்பத்திலா, வீட்டு ஃபியூசிலா?

550க்குப் பக்கத்தில் இன்னும் சில எண்கள் இருந்தன. 5.7.1. பிரமு பார்க்காமல் விட்டது. கோபத்தில் அவரும் விட்டது.

தேடினார். படித்தார்.

ஆவுடை கடிதத்தைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைக்கும் சர்வர் அதை வழியிலேயே நிறுத்திவிட்டது. மேலவீடு என்று யார் வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். அந்தப் பெயரில் கடிதம் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை என்று, பெயருக்கு உரியவர் பொதுவில் எழுதி வைக்க வேண்டும்.

அவர் எழுதி வைக்கவில்லை.

கோளாறு வீட்டு ஃபியூசில்.

"நான் யாருன்னு நான்தான் சொல்லணுமாம்" என்றார்.

"மேலவீட்டத் தெரியாதாமா அதுக்கு!"

"நம்ம வள்ளியூர்ல தெரியும். ராட்டர்டாம்ல எழுதித்தான் வைக்கணும்."

முகவரி விற்ற நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, அதில் கேட்டிருந்தபடி ஒரு வரியைச் சேர்த்தார். ஒவ்வொரு புள்ளியையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். அந்த வரி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றிருந்தது. பொறுத்தார். பிரமு இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மறுபடி அனுப்பினார்.

550 வரவில்லை.

451 வந்தது.

பிரமு சிரித்தே விட்டாள். "இப்ப என்ன சொல்லுதா மகாராணி?"

இந்தத் தடவை அவர் முழுக்கப் படித்தார். ஐந்தில் தொடங்கினால் கதவு அடைத்தாயிற்று. நாலில் தொடங்கினால், இப்போதைக்கு இல்லை. முன்பின் தெரியாத பெயரிலிருந்து கடிதம் வந்தால், சற்றுக் கழித்து வா என்று சொல்லிப் பார்க்குமாம் சில சர்வர்கள். போலிகள் ஒரு தடவை தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மெய்யானவர்கள் திரும்பி வருவார்கள்.

கீழே ஒரு குறிப்பு. கடிதம் காத்திருக்கிறது, தானே மீண்டும் முயலும். பக்கத்தில், வேண்டாமென்றால் ரத்து செய்ய ஒரு பொத்தான்.

"ரத்து பண்ணிருங்க அண்ணே. பெத்த மக வாசல்ல ரெண்டாந்தடவ போய் நிக்கதுக்கு நமக்கு என்ன தலையெழுத்தா?"

பிரமு சொன்னதில் தப்பில்லை. வாழ்நாளில் எந்த வாசலிலும் அவர் இரண்டாம் தடவை ஏறியதில்லை.

பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மடிக்கணினியை அப்படியே மூடினார்.

கடிதம் அதற்குள் இல்லை. எங்கோ ஒரு சர்வரில், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, நின்றுகொண்டிருந்தது.

"அப்ப மூணாவது முடிச்சு? எம் மருமவ கோமுவுக்குச் சேலை எடுத்துரட்டுமா? அவளும் தங்கச்சி முறைதான?"

"எடு. மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்க ஆளு வேணும்லா."

பிரமு டம்ளரை நங்கென்று வைத்தாள்.

அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"செண்பகம், கிளம்பு. ஆவுடைக்குச் சேலை எடுக்கணும். ஜாக்கெட்டும் தச்சு வச்சிரணும். அவ அளவு ஜாக்கெட்டு பீரோவுல கெடக்கும்லா?"

அந்தப் பெயர் அந்த வீட்டில் சத்தமாகக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

செண்பகம் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அது இப்ப அவளுக்குப் பத்தாது. புது அளவு எங்கிட்ட இருக்கு."

பிரமு வாயைத் திறந்தாள். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அவர் செருப்பை மாட்டினார்.

"எடுத்துட்டு வா" என்றார்.