அப்பாவோட பீன்ஸ்

"கைய எடு எழில்! அது அப்பாவோடது!"

எதிரே இருந்தவன் போட்ட அந்த அதட்டலில், அப்துல் கய்யூம் வாயருகே கொண்டுபோன பூரி அப்படியே நின்றது.

அடையாறில் ஒரு சைவ ஹோட்டல். ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம். தனியாக வந்தவரை எங்கே உட்காரவைப்பது என்று யோசித்த சர்வர், ஒரு குடும்பத்தின் மேஜையில் காலியாக இருந்த நாலாவது நாற்காலியைக் காட்டிவிட்டுப் போயிருந்தான். எதிரே அப்பா அறிவு, அம்மா ஷீலா. கய்யூமின் பக்கத்தில் அவர்கள் மகள், ஆறு வயசு எழில்.

எழிலின் முன்னால் அவள் தலையளவு உப்பிய சோலா பூரி, எண்ணெய் பளபளக்க. அறிவின் முன்னால் முழுச் சாப்பாடு. பீன்ஸ் பொரியல், கீரைக் கூட்டு என்று எல்லாக் கிண்ணத்தையும் இடது கையால் அணைகட்டி வைத்திருந்தான்.

"ஒரே ஒரு பீன்ஸ்பா."

"மூச்! இதெல்லாம் பெரியவங்க துன்றது. உனக்குத்தான் பூரி வாங்கிக் குடுத்துகீறேன்ல? அத்தத் துன்னு."

கய்யூமுக்குப் புரியவில்லை. பிள்ளை காய் தின்னமாட்டேன் என்கிறதே என்று அழுகிற பெற்றோரை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். காயைக் காவல் காத்துக்கொண்டு எண்ணெய்ப் பூரியைத் திணிக்கிற அப்பனை இன்றுதான் பார்க்கிறார். இல்லாத வீடு என்றும் சொல்ல முடியாது. குழந்தையின் காலில் புது ஷூ.

அந்தப் பக்கம் வந்த சர்வரை அறிவு நிறுத்தினான். "பீன்ஸ் இன்னொரு தபா போடுபா."

முதலில் போட்டதே இன்னும் தீரவில்லை. கய்யூமுக்கு மேலும் குழம்பியது. இவன் சாப்பிட வந்தானா, சேர்த்துவைக்க வந்தானா?

ஷீலா செல்போனில் மூழ்கியிருந்தாள். அறிவு பக்கத்துச் சுவர் டிவியில் ஓடிய கிரிக்கெட்டைப் பார்க்கத் திரும்பினான். அந்த நொடியில் ஒரு சின்னக் கை நீண்டது. நாலு பீன்ஸ் சத்தமில்லாமல் வாய்க்குள் போனது.

பெத்த அப்பனிடமே திருடித் தின்கிறதே ஒரு பிள்ளை!

கய்யூம் அச்சகத் தொழிலாளர் சங்கத்துக்காக நாற்பது வருஷம் கேட் வாசலில் தொண்டை கிழியக் கத்தியவர். தடியடி வாங்கிய தோள் இன்றும் மழைக்கு முன்னால் வலிக்கும். சங்கம் உடைந்தது. கூட இருந்தவனெல்லாம் மாடி வீடு கட்டினான். இவரிடம் மிஞ்சியது அந்தக் கோபம் ஒன்றுதான்.

"ஏம்பா, நீ பெத்ததுதானே இது?"

அறிவு திடுக்கிட்டான். "இன்னா பாய்?"

"பொட்டப்புள்ளன்னா எளக்காரமா? ரெண்டு பீன்ஸ் குடுத்தா உன் சொத்து அழிஞ்சிடுமா?"

"பாய்... மெதுவா பாய். உங்களுக்குத் தெரியாது..."

"எனக்கா தெரியாது? உன்ன மாதிரி எத்தினி மொதலாளியப் பாத்துகினு வந்தவன் நான்!"

பக்கத்து மேஜைகள் திரும்பின. கூட்டத்தைக் கண்டதும் கய்யூமின் குரலுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. கையை உயர்த்தினார்.

"தம்பி! ஒரு கப் பீன்ஸ், ஒரு கப் கீரை கொண்டா. கொழந்தைக்கு!"

"அய்யோ, வேணாம் பாய்!" ஷீலா பதறினாள்.

"நீ பயந்தது போதும்மா."

கிண்ணங்கள் வந்தன. தன் கையாலேயே அவற்றை எழிலின் முன்னால் நகர்த்தினார்.

"துன்னு கண்ணு. உரிமையக் கெஞ்சி வாங்கக்கூடாது, எடுத்துக்கணும்!"

எழில் கிண்ணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு பீன்ஸை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"தூ! எனக்கு வேணாம்." கவுனெல்லாம் எச்சில்.

கய்யூம் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். அதே பீன்ஸ். அதே வாளி.

அறிவு மகளைத் தூக்கிக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்குப் போனான்.

ஷீலா கோபப்படக்கூட இல்லை. களைத்துப் போயிருந்தாள்.

"நாங்க ஊரூர் குப்பத்து மீன்காரங்க பாய். மீன்னா முள்ளத் தவுர ஒன்னும் மிச்சம் வெக்கமாட்டா. காய், கீரைன்னா இப்படித்தான் துப்புவா. ஒடம்புல ரத்தமே இல்லன்னு டாக்டர் திட்றாரு. கொஞ்சிப் பாத்தோம், அடிச்சும் பாத்தோம். ஒரு நாள் இங்க இவரு வெளையாட்டுக்கு, 'இது என்னுது, தொடாத'ன்னாரு. அன்னிக்குத்தான் மொத மொத துன்னா. அதுலேர்ந்து வாராவாரம் இவரு காவல், அவ திருட்டு. பீன்ஸ் பழகிடுச்சு, இன்னிக்கு கீரைக்கு வந்திருப்பா."

"அப்ப அவன் பீன்ஸ மறுபடி வாங்குனது?"

"அவருக்கு பீன்ஸே புடிக்காது பாய்."

கய்யூம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

அப்பாவும் மகளும் திரும்பி வந்தபோது அந்த இரண்டு கிண்ணங்களும் கய்யூமின் முன்னால் இருந்தன. இடது கையால் அணைகட்டியிருந்தார்.

"எவனாவது தொட்டீங்க, நடக்கறதே வேற!" என்று உறுமினார். "பீன்ஸும் என்னுது. கீரையும் என்னுது. கொழந்தைங்களுக்குக் கெடையவே கெடையாது!"

சொல்லிவிட்டு டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிரிக்கெட் என்றாலே அவருக்கு ஆகாது.

முழங்கையை உரசிக்கொண்டு ஒரு சின்னக் கை உள்ளே நுழைந்தது.

வாழ்நாளில் எந்த முதலாளியிடமும் ஏமாறாத அப்துல் கய்யூம், கீரைக் கிண்ணம் காலியாகும்வரை அந்த டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.