இல்லாத நகைக்கு ஜகாத்

மாமி நகைப் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவாளோ என்றுதான் முபீனா பயந்துகொண்டிருந்தாள்.

நல்லவேளை, சொல்லவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து பாயில் காலை நீட்டி உட்கார்ந்தவள், இன்றைய பவுன் விலையை மட்டும் கேட்டாள்.

ரமலான் பிறந்தால் இந்த வீட்டில் இதுதான் வழக்கம். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் நகைக்குக் கணக்குப் போடுவார்கள். பதினோரு பவுனுக்குக் குறையாமல் ஓர் ஆண்டு கையில் இருந்தால், நாற்பதில் ஒரு பங்கு ஜகாத்தாக ஏழைக்குப் போக வேண்டும். ஒன்றும் இல்லாதவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கிக்கொள்ளலாம்.

முபீனாவுக்குக் கல்யாணத்தில் போட்டது பன்னிரண்டு பவுன்.

இப்போது பெட்டியில் இருப்பதெல்லாம் கவரிங். கணவன் இலியாஸின் லேத் பட்டறைக்கு ஆர்டர் நின்றபோது அசல் ஒவ்வொன்றாக விலைக்குப் போயிற்று. பட்டறையும் தங்கவில்லை. கடன் மட்டும் தங்கியது. அவன் இன்று பொம்மசந்திராவில் அடுத்தவன் மெஷினில் நிற்கிறான். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தான்.

ஜகாத் இல்லை என்றால் நகை எங்கே என்ற கேள்வி வரும். அதனால் போன ரமலானிலும் முபீனா கொடுத்தாள், ஓவர்டைம் பார்த்து. இந்த வருஷம் விலை ஏறிய ஏற்றத்துக்கு அது போதவில்லை. ஏலச் சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தாள்.

இதை ஜகாத் என்று அல்லாஹ் ஏற்பானா, தர்மம் என்று எழுதிக்கொள்வானா, பொய்யோடு சேர்த்துவிடுவானா? யாரிடம் போய்க் கேட்பது?

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே கண் சொருகியது. நோன்பினால் இல்லை. பசி பழகிவிட்டது. இந்தக் கணக்குத்தான் பழகவில்லை.

பணத்தைப் பாயில் வைத்தாள்.

“எப்பவும் குடுக்கிற அந்தப் பேரிகை ஊர் அக்காவுக்குத்தானே மாமி?”

“அவளுக்கு எதுக்கு? மவன் சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டான். இப்பல்லாம் அவ என்னைய விசாரிக்கிறா, ‘செலவுக்கு இருக்குதா’ன்னு.”

மாமி சிரித்தாள். பிறகு தன் பங்கை முந்தானையிலிருந்து அவிழ்த்து, முபீனாவின் பணத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

“பெத்த புள்ளைக்கு ஜகாத் குடுத்தா செல்லாதாம். பள்ளிவாசல் அஜ்ரத்துகிட்ட கேட்டுட்டேன். இல்லாதப்பட்ட மருமவளுக்குக் குடுக்கலாமாம்.”

முபீனா கையை நீட்டவில்லை.

மாமி அவள் முகத்தைப் பார்க்காமல், பாயில் பிரிந்திருந்த கோரையை நகத்தால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

“போன வருசமே கேட்டிருக்கணும். வாய் வரல. எடுத்து வைம்மா. இலியாசுக்கு மட்டும் தெரிய வேணாம்.”