இட்லிச் சட்டி மூடி

பழைய பிக்கப் வண்டியின் முகப்பு விளக்குக்கு வளையம் எங்கும் கிடைக்கவில்லை. கோகுலன் இட்லிச் சட்டி மூடியை வெட்டி, தட்டி, தானே ஒன்று செய்தான். அடிக்கு அடி அது திட்டியது. எல்லா வீட்டுப் பாத்திரங்களும் அப்படித்தான். தட்டினாலோ குலுக்கினாலோ, புழங்கியவர் குரலில் பேசும்.

வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் எஃப்.சி. சோதனையில் ஆய்வாளர் வளையத்தைத் தட்டினார். அது கத்தியது.

“டேய், அது இட்லிச் சட்டி மூடிடா! எடுத்த எடத்துல வை!”

ஆய்வாளர் துள்ளி விலகினார். “யாருங்க அது?”

“என் வீட்டுக்காரிங்க. போன வருசம் தவறிட்டா.”

“அடடா... ஆனா பேசற சாமான் வண்டில இருக்கக் கூடாதுங்க. குரலை அழிச்சிட்டா இப்பவே பாஸ்.”

“வேண்டாங்க.”

எஃப்.சி. கிடைக்காத வண்டியைக் கட்டி இழுக்க ஒரு லாரிக்காரர் வந்தார். “பைபாஸ்ல போயிரலாங்களா?”

கோகுலன் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தான்.

“குண்டும் குழியுமா ஒரு ரோடு இருக்குமே, அதுல போங்க.”