கண் வார்டு மேல் புகார்

"இந்த வருஷம் நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்த புகார் மொத்தம் இருநூத்தி நாப்பது. அதுல இருநூத்திப் பதிமூணு ஒரே வார்டு மேல."

நிர்வாகி நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ஆஸ்பத்திரி அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டம். எல்லா வார்டுப் பொறுப்பாளர்களும் சொல்லிவைத்தாற்போலக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேதான் கண் வார்டு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"எலும்பு வார்டைப் பாருங்க. ஒரு புகார்கூட இல்ல. முதல் பரிசு அவங்களுக்குத்தான். கண் வார்டு சிஸ்டரை நாளையிலேர்ந்து ஸ்டோருக்கு மாத்தி ஆர்டர் டைப் பண்ணி வச்சிருக்கேன். தலைவரம்மா கையெழுத்துப் போட்டாப் போதும்."

ஸ்டோர் என்றால் பஞ்சும் பினாயிலும்தான். பதினெட்டு வருஷம் நோயாளிகளோடேயே இருந்தவருக்கு அது கையைக் கட்டிப்போடுகிற வேலை. சிஸ்டரின் முகம் சுண்டிப்போனது.

பேனாவைத் திறந்த தலைவரம்மா அதை மறுபடி மூடினார். "என்னம்மா, இத்தனை பேருக்கு உங்க மேல என்ன கோபம்?"

சிஸ்டர் எழுந்தார். வாய் திறப்பதற்குள் நிர்வாகி முந்திக்கொண்டார்.

"அதையும் நானே கண்டுபிடிச்சுட்டேன் மேடம். இருநூத்திப் பதிமூணும் ஒரே கையெழுத்து. இவங்களைப் பிடிக்காத யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதித் தள்ளியிருக்காங்க. கூட வேலை செய்றவங்களோட ஒத்துப்போகத் தெரியாதவங்க வார்டுக்கு எதுக்கு?"

எப்படிப் பார்த்தாலும் தப்பு சிஸ்டர் மேல்தான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனுஷன்.

"யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் மேடம். நான்தான் எழுதினேன்."

தலைவரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க மேல நீங்களே புகாரா?"

"எங்க வார்டுல பாதிப் பேருக்குக் கண்ணுல கட்டு. மீதிப் பேருக்கு எழுத்து மங்கல். கருத்துப் படிவத்தைக் கையில குடுத்துட்டு எழுதுங்கன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? அதான் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் கட்டில் கட்டிலா உட்கார்ந்து என்ன குறைன்னு கேப்பேன். அவங்க சொல்றதை அப்படியே எழுதிப் பெட்டியில போடுவேன்."

தலைவரம்மா மேஜை மேலிருந்த படிவ அடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் படித்தார். "'சிஸ்டர் நல்லவங்கதான். ஆனா சொட்டு மருந்து விடறப்போ ரொம்ப அதட்டுறாங்க.' இதையுமா எழுதினீங்க?"

"அவர் சொன்னாரே மேடம். அதுக்கப்புறம் அதட்டறதைக் குறைச்சுக்கிட்டேன். முழுசா விட முடியல."

யாரோ சிரித்தார்கள். தலைவரம்மா அடுத்ததை எடுத்தார். 'பாத்ரூம் படி தெரியாமத் தடுக்குது.' அதற்கும் அடுத்தது, 'கட்டில்லேர்ந்து இறங்கினா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல.' ஒவ்வொன்றின் கீழேயும் அதே கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. படியை இடிச்சுச் சமமாக்கியாச்சு. பிடிச்சுக்கிட்டுப் போக சுவரோரமா கயிறு கட்டியாச்சு.

கண் டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மேடம், நிர்வாகியோட அறிக்கையிலேயே முப்பத்தோராம் பக்கத்தைப் பாருங்க. போன வருஷம் எங்க வார்டுல கீழ விழுந்து அடிபட்டவங்க பத்தொன்பது பேர். இந்த வருஷம் ஒருத்தர்கூட இல்ல."

நிர்வாகி தன்னுடைய அறிக்கையைத் தானே அவசரமாகப் புரட்டினார். டாக்டர் சொன்னது அப்படியே இருந்தது.

தலைவரம்மா எலும்பு வார்டுப் பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். "உங்க வார்டுல எப்படி ஒரு குறையும் வரல?"

அவர் நெளிந்தார். "புகார்ப் பெட்டி பக்கத்துல ஒரு பேனா கட்டி வச்சிருந்தோம் மேடம். அது காணாமப்போயி... ஒரு வருஷம் இருக்கும்."

ஹாலே கொல்லென்று சிரித்தது. தலைவரம்மா ஸ்டோர் ஆர்டரை நாலாகக் கிழித்தார். முதல் பரிசு கண் வார்டுக்கு. இனிமேல் எல்லா வார்டிலும் இதே வழக்கம்தான், சொல்லிக்கொடுப்பது சிஸ்டர். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. எலும்பு வார்டுக்காரரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக. சிஸ்டர் சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றார். பார்க்கவே நிறைவாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் நிர்வாகி அவர் பக்கத்தில் வந்தார். அந்த மட்டும் நல்ல மனுஷன்.

"மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர். ரெண்டு வாரமா இந்த அறிக்கையே கதின்னு கிடக்கேன். எண்ணத்தான் நேரம் இருந்துச்சு, படிக்க நேரமில்ல. விட்டுப்போன புகார் ஏதாவது இருந்தா இப்பவே குடுங்க, நானே கவனிக்கிறேன்."

சிஸ்டர் தயங்கினார். பிறகு யூனிஃபார்ம் பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். நேத்து எழுதினது. நாலு பேர் முன்னாடி படிக்க வேணாமேன்னு பெட்டியில போடல. மத்ததெல்லாம் நானே பார்த்துக்கிட்டேன், இது மட்டும் என்னால ஆகாது."

அவர் போன பிறகு நிர்வாகி பிரித்துப் பார்த்தார். அதே கையெழுத்து.

'ஒன்பதாம் நம்பர் கட்டில். ஆபரேஷன் ஆகி நாலு நாள் ஆச்சு. எல்லாரும் நல்லாப் பார்த்துக்கிறாங்க. என் பையன் இதே கட்டடத்துல மூணாவது மாடியில நிர்வாகியா இருக்கான். இன்னும் கீழ இறங்கி வரல.'